ஒன்று பட்டியல், இரண்டு கடிதம்

என் மனுசனுடைய கண் காரணமாக நான் ஒரு ஆளை வெறுத்தேன். ஒரு பெட்டியையும் வெறுத்தேன். எதை முதலில் வெறுத்தேன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. விடிய எழும்பிச் செபமாலை சொன்ன அதே வாயால்தான் பகல் முழுக்க அந்த ஆளைத் திட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற எண்ணம் இல்லை.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்துச் சனம். போரால் கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்தில் ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். என் மனுசன் பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் வான் ஓடினவர். அரசாங்கத்தின் தடையால் வன்னிக்குள் டீசல் வராமல் போனதும் வான் மரத்தடியில் நின்றது. அதற்குப் பிறகு அவருடைய கண் நின்றது. முதலில் இடது கண். விளக்கைப் பார்த்தால் சுற்றிவர வட்டம் வட்டமாகத் தெரியுது என்றார். நான் புகை என்று நினைத்தேன். சில மாதத்தில் அந்தக் கண் முழுக்க இருண்டது. பிறகு வலது கண்ணும் பக்கங்களால் சுருங்கத் தொடங்கியது.

"குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்குது" என்பார். "நேர நிண்டால்தான் நீர் தெரியிறீர். கொஞ்சம் தள்ளினால் இல்லை."

ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஒரு டாக்குத்தர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கு, விடுகிற மருந்து இங்கே இல்லை, வவுனியாவுக்குப் போய் ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார். "ரெண்டாவதும் போனால் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றும் சொன்னார்.

வவுனியாவுக்குப் போவதென்றால் நினைத்தவுடன் போக முடியாது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வெள்ளைக்கொடி கட்டின வாகனங்கள் வந்து நோயாளரை ஏற்றிக்கொண்டு இராணுவத் தடைமுகாம் தாண்டிப் போகும். அந்தப் பயணத்துக்குப் பட்டியல் ஒன்று வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய், கூடப் போகிற ஆள் எல்லாம் இங்கிலீசில், மூன்று பிரதி. பட்டியலில் பெயர் இல்லாத ஆள் வாகனத்தில் ஏற முடியாது. கையால் எழுதிக் கொடுத்ததில் இலக்கம் ஒன்று வடிவாக விளங்கவில்லை என்று ஒரு தடவை இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அச்சடித்த பட்டியலைத்தான் எடுத்தார்கள்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது என் வேலை. கோவில் வளவுக்குள் ஓலைக் கொட்டில் ஒன்றில் நிவாரண அலுவலகம் இருந்தது. பங்குச் சுவாமியார்தான் பொறுப்பு. நாங்கள் பாதர் என்று கூப்பிடுவோம். நான் ஒன்பதாம் வகுப்பு மட்டும் படித்தவள். கன்னியாஸ்திரிமாரிடம் தட்டச்சுப் பழகியிருந்தபடியால் பாதர் என்னை எடுத்தார். அலுவலகம் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது தட்டச்சு மெசின் அங்கேயே விடுபட்டுப் போய்விட்டது. மெத்தைக்குள் சுற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கொண்டுவந்து சேர்த்தது ஒரு பழைய கொம்பியூட்டரை மட்டும்தான்.

அந்த ஒரு பெட்டிக்கு நாங்கள் இரண்டு பேர். மற்றவர் கணக்குப் படிப்பித்த ஒரு மாஸ்டர். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் வைத்திருந்தார். வெளிநாட்டுக் கோவில்களுக்கு மருந்தும் உடுப்பும் கேட்டுக் கடிதம் எழுதுவதும், பங்கின் மாதச் செய்தித்தாளை அடுக்குவதும் அவருடைய வேலை. அந்தக் கடிதங்களால்தான் பால்மா வந்தது, சேலைன் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதன் என்னை முதல் நாள் பார்த்த பார்வையையும் நான் மறக்கவில்லை.

"எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"ஒன்பது, மாஸ்டர்."

"அப்ப தட்டிறதை மட்டும் தட்டும் பிள்ளை. மற்றதுகளைத் தொடாதேயும்."

எனக்கு அப்போது நாற்பது வயது. மூன்று பிள்ளைகளைப் பெற்றவள்.

சண்டைக்கு வித்து பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது எழும்பும்போது முதலில் வாசிக்கிற கோப்பு ஒன்று உண்டு. கொன்பிக் என்போம். எதை எதை நினைவில் ஏற்றவேண்டும் என்று அதில் வரி வரியாக எழுதியிருக்கும். மாஸ்டருடைய கடித வேலைக்கு மவுசும் தமிழ் எழுத்தும் இன்னும் என்னென்னவோ ஏறவேண்டும். அவ்வளவும் ஏறினால் என்னுடைய பட்டியல் செயலிக்கு இடம் போதாது. இடமில்லை என்று இங்கிலீசில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். என்னுடையதை மட்டும் ஏற்றினால் அவருடைய மவுஸ் செத்த எலியாகக் கிடக்கும்.

வெளியிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து மூன்று நாள் நின்றார். அவர் அந்தக் கோப்பிலேயே ஒரு கேள்வியை எழுதி வைத்தார். பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும்: ஒன்று பட்டியல், இரண்டு கடிதம். இலக்கத்தை அமத்தினால் அதற்கு வேண்டியதை மட்டும் ஏற்றும். பத்து வினாடிக்குள் ஒருவரும் ஒன்றும் அமத்தாவிட்டால் தானாகப் பட்டியலுக்குப் போகும். நோயாளர் வேலை முந்த வேண்டும் என்று பாதர் சொன்னபடியால் அப்படி வைத்தார். அந்தக் கோப்பை எப்படித் திறப்பது, எப்படி மாற்றுவது, எப்படிக் காப்பது என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னார். எல்லாவற்றையும் என் செபப்புத்தகத்தின் பின்பக்கத்தில், மன்றாட்டு மாலைக்குக் கீழே எழுதி வைத்தேன். பிளொப்பி வட்டு ஒன்றும் செய்து தந்தார். உள்ளே என்ன கெட்டுப்போனாலும் இந்த வட்டைப் போட்டால் பெட்டி எழும்பும் என்றார்.

அவர் போய் ஒரு கிழமை ஆகவில்லை. காலையில் பெட்டியைப் போட்டேன். கேள்வி வரவில்லை. நேரே கடிதத்துக்குப் போய் நின்றது.

"மாஸ்டர், கேள்வியைக் காணேல்லை."

"நான்தான் எடுத்தனான். நெடுக அது கேக்க, நெடுக நாங்கள் பதில் சொல்ல, இதென்ன ஞானோபதேச வகுப்பே?"

"அப்ப என்ர பட்டியல்?"

"என்ர வேலை முடியச் சொல்லும், மாத்தி விடுறன்."

அந்த மாதம் அவருடைய செய்தித்தாள் முடியவில்லை. அலுவலகத்தில் மின்சாரம் என்பது ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணித்தியாலம்தான். பத்துக்குப் போட்டால் பன்னிரண்டுக்கு நிற்கும். மண்ணெண்ணெய்ப் பங்கு அவ்வளவுதான். புதன்கிழமை இரண்டு மணித்தியாலத்தையும் அவர் எடுத்தார். வியாழக்கிழமை ஒரு மணித்தியாலத்தையும் எடுத்தார். மிச்ச நேரத்துக்குள் கடைசிப் பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ஏழு பேருடைய பெயர் விடுபட்டது. அதில் ஒன்று என் மனுசனுடையது.

வாகனம் போனபிறகு கொட்டிலுக்கு வந்து சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அடுத்த மாசம் போவம்" என்று சொல்லிவிட்டு, கைவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எங்கே மறைகிறது என்று பார்த்தார். ஒவ்வொரு நாளும் அப்படிப் பார்க்கிறவர். விரல் முந்தியைவிட உள்ளுக்கு வந்திருந்தது. நான் அடுப்படிக்குப் போய் இருந்து அழுதேன். அழுதபடியே அந்த மாஸ்டரைச் சபித்தேன். பூசையில் நன்மை வாங்குகிற ஆள், பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற ஆள்; அந்தக் கையாலேயே என்னுடைய வரியை அழித்தாரே.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கோப்பைத் தொட்டேன். அவர் வருவதற்கு முந்திப் போய், செபப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, கேள்வியைத் திரும்ப எழுதினேன். அடுத்த நாள் அவர் அழித்தார். நான் எழுதினேன். பிறகு ஒரு நாள் கோப்பையே காணவில்லை. கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இல்லை. ஆனால் பெட்டி எழும்புகிறது. ஒளித்து வைத்து, எழுத முடியாதபடியும் பண்ணிவிட்டார் என்று விளங்கியது. எழுதவிடாத தடையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒளித்த கோப்பை மாற்றமாட்டேன் என்று பெட்டி மறுத்தது. பொறியியலாளர் விட்டுப்போன கையேட்டுப் பிரதியை எடுத்து, சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து, இரண்டையும் ஒரே வரியில் எடுக்கவேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்தது.

attrib -r -h config.sys

அந்த வரியை இன்றைக்கு நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். அதை அடித்து, கோப்பு திரும்பக் கண்ணில் பட்டபோது எனக்கு வந்த சந்தோசம் நல்ல சந்தோசம் இல்லை. எதிரியின் வீட்டு வேலியைப் பிரிக்கிற சந்தோசம்.

மாஸ்டர் அதைக் கண்டதும் முகம் கறுத்துப் போனார். அன்றைக்கு ஜெனரேட்டர் நிற்பதற்குப் பத்து நிமிடம் முந்தி, பெட்டியின் அடி அமைப்புக்குள் போய்க் கடவுச்சொல் ஒன்று போட்டார். எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"இனி என்னைக் கேக்காமல் ஒருத்தரும் இதைத் திறக்கேலாது."

அந்தப் பெட்டிக்குள் தேதியையும் அடி அமைப்பையும் ஞாபகம் வைத்திருக்கிற சின்னப் பற்றரி ஒன்று உண்டு. அது எப்போதோ செத்துவிட்டது. டோர்ச் பற்றரியே வன்னிக்குள் விடாத காலத்தில் அதற்கு எங்கே போவது? அதனால் தினமும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துதான் எழும்பும். தன்னுடைய வன்தட்டையே அதற்குத் தெரியாது. அந்த இலக்கங்களை அலுமாரிக் கதவில் சோக்கால் எழுதி வைத்து, தினமும் பார்த்து அடிப்போம். கடவுச்சொல்லும் அந்த மறந்துபோகிற ஞாபகத்தில்தான் இருக்கும் என்பதைச் சான்றிதழ்க்காரர் யோசிக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்குப் போட்டேன். பெட்டி ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு, தை முதலாம் திகதி என்று சொல்லிக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி எழும்பியது.

"மாஸ்டர், உங்கட பூட்டையும் இது மறந்துபோச்சு!" என்றேன்.

ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணை வாசலில் நின்று, "பற்றரித் தடை எங்களுக்கு மட்டும் எண்டு நினைச்சீங்களோ மாஸ்டர்?" என்று சொல்லிச் சிரித்தார். நான் சத்தமாகச் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு அவர் விலை வைத்தார். எழும்பும்போது ஒரு விசையை அமத்தினால் அந்தக் கோப்பை வாசிக்காமலே பெட்டி எழும்பும். அவருடைய வரிகளைத் தாண்ட நான் பாவித்த வழி அது. அந்த விசை வேலை செய்யாதபடி ஒரு வரி எழுதி வைத்துவிட்டார். இனி உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பெட்டி அதை விழுங்கித்தான் ஆகவேண்டும்.

எனக்குப் பயம் வந்தது. அந்தப் பிளொப்பி வட்டுத்தான் மிச்சம். அதையும் இவர் கண்டால் விடமாட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் வானில் ஒரு மாதா சுரூபம் இருந்தது. நாலு விரல் உயரம், நீலச் சால்வை. ஸ்டியரிங்குக்கு முன்னால் தகரத்தில் நிற்கும். முல்லைத்தீவு வீதிக் கிடங்கு பள்ளங்களில் வான் எவ்வளவு விழுந்து எழும்பினாலும் மாதா அசைந்ததில்லை. வான் நின்ற பிறகு அந்தச் சுரூபத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்திருந்தேன். இரும்புப் பெட்டி, வைத்தவுடன் கப்பென்று பிடித்துக்கொண்டா. "வேலை செய்யிற இடத்தில சுரூபம் என்னத்துக்கு?" என்று மாஸ்டர் கேட்டார். "நிக்கட்டும்" என்று பாதர் சொல்லிவிட்டார்.

பிளொப்பியை ஒரு கடித உறைக்குள் போட்டேன். கூடவே ஒரு திருப்படமும் வைத்தேன். உறையைப் பெட்டிமேல் வைத்து, அதன்மேல் மாதாவை நிறுத்தினேன். எந்தத் துணிச்சல்காரனும் மாதாவைத் தூக்கிப் பார்க்கமாட்டான். உறைக்கு மேலேயும் இறுக்கமாகத்தான் நின்றா. தினமும் வேலை தொடங்கும்போது, "தாயே, அவரிட கண்ணை நீர்தான் பாரும்" என்று அந்தக் காலடியைத் தொட்டுக் கும்பிடுவேன்.

அடுத்த மாதப் பட்டியலில் என் மனுசனுடைய பெயர் பதினேழாவது. நானே அடித்தேன். மூன்று தரம் இலக்கத்தைச் சரிபார்த்தேன். பயணத்துக்கு முதல்நாள் புதன்கிழமை, மாஸ்டருக்கு மலேரியாக் காய்ச்சல். நடுங்கிக்கொண்டு பதினொரு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கேள்வியைத் திரும்ப எழுதினேன். ஆனால் பெயர்கள் கூடினபடியால் என் செயலி இன்னும் இடம் போதாது என்றது. கையேட்டில் நினைவைக் கூட்டுவதற்கு ஒரு வரி கண்டேன். எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான வரி. எல்லாப் பெட்டிக்கும் அது பொருந்தாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். நான் அதை வாசிக்கவில்லை. வரியைப் பார்த்தபடி கோப்பில் எழுதிக் காத்தேன். காத்த கையோடு பன்னிரண்டு மணி, ஜெனரேட்டர் நின்றது. எழுப்பிப் பார்க்க நேரமில்லை.

வியாழன் காலை ஆஸ்பத்திரியிலிருந்து கடைசிப் பெயர்கள் வந்தன. ஒரு மணிக்கு வாகனம். மனுசன் வெளுத்த சாரமும் சேட்டும் போட்டு, பையோடு வளவில் வேப்பமரத்தடி வாங்குப் பலகையில் வந்து இருந்தார். பத்து மணிக்கு ஜெனரேட்டர் போட்டார்கள். அலுமாரிக் கதவைப் பார்த்து இலக்கங்களை அடித்தேன். திரையில் தொடங்குகிறேன் என்று ஒரு வரி வந்தது. அத்தோடு நின்றது.

நிறுத்திப் போட்டேன். அதே வரி, அதே நிற்பு. விசையை அமத்தினேன். அவர் அடைத்து வைத்த விசை, ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுதின வரி பெட்டியின் கழுத்தைப் பிடித்திருந்தது. அதைத் தாண்டுகிற வழியை அவர் பூட்டியிருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டின முடிச்சு. அன்றைக்கு அது எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாம் அவர் செய்ததாகவே தெரிந்தது.

மாதாவைத் தூக்கி, உறையை எடுத்து, வட்டைப் போட்டேன். கரகரவென்று சத்தம் கேட்டது. பிறகு வாசிக்க முடியவில்லை என்று ஒரு வரி. துடைத்துப் போட்டேன். திருப்பித் திருப்பிப் போட்டேன்.

"கெடுத்துப் போட்டான், பாதர்!" என்று நான் கத்தினேன். "நான் ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிச்சு, வட்டைக் கெடுத்துப்போட்டு, காய்ச்சல் எண்டு வீட்டில போய்ப் படுத்திருக்கிறான். பாவி. இவன்ர கண் அவியோணும்!"

வாங்கில் இருந்த என் மனுசன் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையை எங்கள் பக்கம் திருப்பினார். நோயாளர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதர், "வாயை அடக்குங்கோ" என்றார். பிறகு, "அவரிட்டை இன்னொரு வட்டு இருக்கு. போய்க் கேளுங்கோ" என்றார்.

சைக்கிளை எடுத்தேன். மாஸ்டருடைய கொட்டில் கால் மணித்தியால ஓட்டம். போர்வையால் மூடிக்கொண்டு பாயில் கிடந்தார்.

"என்ர வட்டை என்ன செய்தனீங்கள்?"

"என்ன வட்டு?"

"நடிக்காதேங்கோ. பெட்டி எழும்புதில்லை. பதினேழாவது பேர் என்ர மனுசன்ர. தெரியுமோ உங்களுக்கு?"

அவர் எழும்பி இருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது. "நேற்று நான் வந்தாப் பிறகு என்ன வரி போட்டனீர்?"

நான் வட்டு எங்கே இருக்கென்று கொட்டிலுக்குள் கண்ணை ஓட்டினேன்.

"சொல்லும். என்ன வரி?"

"உங்கட மற்ற வட்டைத் தாங்கோ."

"உம்மட கையில தரமாட்டன். ஒரு வட்டைத் தின்னக் குடுத்தது காணும்." போர்வையை உதறி எழும்பினார். நிற்க முடியவில்லை, தூணைப் பிடித்தார். அவருடைய மனைவி, "இந்தக் காய்ச்சலோட எங்க போறியள்?" என்று கேட்டா. "இவவுக்கு ஒப்பாரி வைக்க இடம் வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, தகரப் பேணிக்குள் இருந்த வட்டைச் சேட்டுப் பையில் வைத்தார்.

அவரால் சைக்கிள் ஓட முடியாது. நடக்க நேரமில்லை. என்னுடைய சைக்கிள் கரியரில் ஏறி இருந்தார். நான் மிதித்தேன். ஸ்கந்தபுரச் சனம் முழுக்கப் பார்த்தது: என் பின்னால் போர்வை போர்த்தின மாஸ்டர். அவருடைய சூடு என் முதுகில் அடித்தது. நடுக்கத்தில் சைக்கிள் ஆடியது. ஒரு கிடங்கில் விழுந்தபோது என் தோளைப் பிடித்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார். நான் மனதுக்குள் அருள்நிறை மந்திரம் சொன்னேன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் இடையில் அந்த ஆளைத் திட்டினேன்.

பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வட்டைப் போட்டார். பெட்டி எழும்பியது. கோப்பைத் திறந்தார். நான் எழுதின வரியைக் கண்டதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"இதை ஆர் எழுதினது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் அந்த வரியை அழித்தார். தான் பூட்டின வரியையும், பட்டியலுக்கு இடம் காணாமல் பண்ணின வேறு இரண்டு வரிகளையும் அழித்தார். வட்டை எடுத்துவிட்டு நிறுத்திப் போட்டார். ஒன்று பட்டியல், இரண்டு கடிதம் என்று திரையில் வந்தது. ஒன்றை அமத்திவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினார். நான் இருந்து புதுப்பெயர்களை அடித்தேன். அச்சுப்பொறி கத்தத் தொடங்கியது. மூன்றாம் பிரதியின் கடைசித் தாள் வெளியே வரும்போது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

அப்போது பாதர் கேட்டார்: "மாஸ்டர், இவவின்ர வட்டுக்கு என்ன நடந்தது? கேக்கத்தான் வேணும்."

மாஸ்டர் கெட்டுப்போன வட்டைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். "இது எங்க இருந்தது?"

"மாதாவுக்குக் கீழ" என்றேன்.

அவர் மாதா சுரூபத்தை எடுத்தார். மேசையிலிருந்த தாள்களின் கிளிப் ஒன்றைக் கழற்றி, சுரூபத்தின் அடிக்குப் பக்கத்தில் பிடித்தார். கிளிப் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"காந்தம் பாதர். வட்டை அழிக்கிறதுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. கிழமைக் கணக்கா மேல வச்சுக் கும்பிட்டிருக்கிறா. என்ர கண் அவியோணும் எண்டு வாசலில நிண்டு கத்தினதாயும் கேள்வி."

நோயாளர்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காந்தம் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வட்டுக்குக் காந்தம் ஆகாது என்பதுதான் தெரியாது. நான் தினமும் தொட்டுக் கும்பிட்ட இடமே என் மனுசனுடைய பெயரைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு மணிக்கு வாகனம் வந்தது. பதினேழாவது பெயரைக் கூப்பிட்டார்கள். கூடப் போகிற ஆளாக அவருடைய தம்பியின் பெயரைப் போட்டிருந்தேன். மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு நான் போக முடியாது. ஏறும்போது அவர் கையை நீட்டி என்னைத் தேடினார். நான் பக்கத்தில் நின்றேன், நேரே நிற்கவில்லை. அதனால் காணவில்லை. நேரே போய் நின்றேன். "அந்த மனுசனோட சண்டை பிடியாதேயும்" என்று சொல்லிவிட்டு ஏறினார். மாஸ்டரைக் கரியரில் வைத்து வீடு கொண்டுபோய் விட்டது ஜெனரேட்டர் அண்ணை. நான் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

ஒப்பரேசன் முடிந்து அடுத்த மாத வாகனத்தில் மனுசன் திரும்பி வந்தார். இடது கண் போனது போனதுதான். வலது கண் இருந்த அளவிலேயே நின்றது. அதற்கு மேல் சுருங்கவில்லை. விரலைப் பிடித்துப் பார்த்தார். மறைகிற இடம் மாறவில்லை. அன்றைக்கு முழங்காலில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு ஒரு கத்தியை எடுத்து, மாதா சுரூபத்தின் அடியிலிருந்த காந்தத்தைக் கிளப்பி எடுத்துக் குளத்துக்குள் எறிந்தேன். காந்தம் இல்லாமல் அந்தச் சுரூபம் இப்போது எதிலும் நேராக நிற்காது. சுவரில் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு ஆள் மேல் வீண்பழி சுமத்தினேன், கண் அவியச் சொல்லிச் சபித்தேன் என்று சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது பாதர்தான். அவருக்கு எல்லாம் தெரியும். "செபம் ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். "அவரிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அதுதான் உங்கட அபராதம்."

நான் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். மாஸ்டர் அதற்குப் பிறகு கேள்வியை அழிக்கவில்லை. பத்து வினாடியும் முதலாவது பட்டியலும் அப்படியே இருந்தன. அது பாதர் சொல்லிச் செய்ததோ, என்மேல் இரங்கிச் செய்ததோ தெரியாது. இரங்கியிருந்தால் அது எனக்கு இன்னும் எரிச்சல். என்னை "எட்டாம் வகுப்பு" என்றே மற்றவர்களிடம் சொல்லுவாராம். ஒரு வகுப்பைக் குறைத்துத்தான் சொன்னார். அலுவலகம் மூடும்வரை தேவைக்கு மட்டும் கதைத்தோம்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, வேறொரு ஊரில், மாதா கோவில் திருவிழா. நற்கருணை வாங்கி முடிந்து சனம் கலைகிறது. என் மனுசன் நின்று, அந்தக் குழாய்ப் பார்வையால் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"அந்தா, கொடிமரத்தடியில. உம்மட மாஸ்டரெல்லே? போய்க் கதையும். போம்."

நான் பார்த்தேன். அவர்தான். மெலிந்திருந்தார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லையப்பா, அது வேற ஆரோ" என்றேன். "உங்களுக்குக் கண் சரியாத் தெரியேல்லை. வாங்கோ, வெயிலேறுது."

அவர் இன்னொரு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தபடி என்னோடு நடந்து வந்தார்.